மதுவந்தி நிறுத்திய கால்வாய்

மதுவந்தியை ஓரிடத்தில் உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடப்பாள். கல்யாணமான புதிதில் ராகவ் இதைப் பார்த்துச் சிரித்தான். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுபோயிற்று. அவனுக்குச் சென்னையில் வங்கி உத்தியோகம், வேளச்சேரியில் காற்றோட்டமான வீடு, ஞாயிற்றுக்கிழமை கோவில். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதன். அந்தக் குறையில்லாத வீட்டில்தான் அவளுக்கு மூச்சு முட்டியது. ஒருவரையொருவர் நோகடிக்காமல் பேசிப் பிரிந்தார்கள். அவள் ஹௌராவுக்கு ரயிலேறிவிட்டாள்.

அவள் பிறந்து வளர்ந்தது வங்கத் தலைநகரில், கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில். அப்பா பார்த்தசாரதிக்குத் துறைமுகத்தில் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், மூன்று வருஷம் என்று சொல்லிக்கொண்டே முழு சர்வீஸையும் அங்கேயே கழித்துவிட்டார். ஓய்வு பெற்றபின் கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டாவது மாடியில் வீடு. மதுவந்தி வீட்டில் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் வங்காளம் பேசுவாள். சிவில் இன்ஜினீயரிங் படித்து, மேம்பாலம், மெட்ரோ சுரங்கம், பாலம் பழுதுபார்ப்பது என்று வேலை மாறி மாறிப் போனாள். ஒரு வேலை முடிந்து ரிப்பன் வெட்டும் நாளில் அவள் அங்கே இருக்கமாட்டாள். அடுத்த இடத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாள்.

அப்படித்தான் நோனாகாலுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது.

நோனாகால் பைபாஸுக்குக் கிழக்கே ஓடிய பழைய கால்வாய். ஒரு காலத்தில் வைக்கோலும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் வந்துபோனதாகச் சொல்வார்கள். அதன் கிழக்குக் கரையை ஒட்டி ஊர்க் குப்பையைக் கொட்ட ஆரம்பித்தார்கள். குப்பை மேடாகி, மேடு மலையாகி, மலையின் அடிவாரம் கால்வாய்க்குள்ளேயே சரிந்து இறங்கியது. மேலே ஆகாயத்தாமரை படர்ந்து, அதன்மேல் புழுதி படிந்து, கடைசியில் ஆடுகள் நடந்து போகிற அளவுக்குக் கால்வாய் கெட்டியாகிப்போனது. மேற்குக் கரையில் ஒரு பஸ்தி. தகரக் கூரையும் தார்ப்பாயுமாக நெருக்கியடித்த வீடுகள். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் ஒவ்வொரு ஆடியிலும் அந்த வீடுகளுக்குள் முழங்காலுக்கு மேல் நிற்கும். அந்தத் துண்டுக் கால்வாயை மறுபடி தோண்டித் தெற்கே இருக்கிற பெரிய கால்வாயோடு சேர்த்துவிட்டால் பஸ்தி பிழைக்கும். இதுதான் திட்டம். வேலையை எடுத்தது சென்னைக் கம்பெனி ஒன்று. சைட் இன்ஜினீயர் மதுவந்தி.

குளிர்காலத்தில் வேலை தொடங்கியது. வடக்கு முனையிலிருந்து ஒரு பொக்லைன், தெற்கு முனையிலிருந்து ஒரு பொக்லைன். வாளி ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் என்ன வரும் என்று சொல்லமுடியாது. டயர், மெத்தை, ஆஸ்பத்திரிக் குழாய்கள், மண் கரைந்துபோய் வைக்கோல் மட்டும் மிஞ்சிய துர்க்கை பொம்மையின் சட்டம். சேறு கறுப்பாக இருக்கும், கொப்புளம் விடும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வீட்டுக்குப் போனால் அம்மா ஷியாமளா வாசலிலேயே பக்கெட்டில் தண்ணீர் வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"அப்படியே குளிக்கப் போயிடு. எதையும் தொடாதே."

"சரிம்மா."

"துணியைத் தனியா போடு. உங்கப்பா வேஷ்டியோட போட்டுட்டே போன தடவை. ரெண்டு நாள் அவரைப் பக்கத்துல சேர்க்க முடியலை."

சைட்டில் அவளுக்கு வாய்த்த சிநேகிதி பூர்ணிமா மண்டல். பஸ்தியின் விளிம்பில், கால்வாய்க் கரையிலேயே டீக்கடை போட்டிருந்தாள். புருஷன் நிதாய் எதிர்க்கரையில் குப்பை மேட்டில் ஏறிப் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்குவான். இரண்டு பேரும் மாலையில் வீட்டுக்குள் உட்கார்ந்து அதைப் பிரித்து மூட்டை கட்டுவார்கள். மதுவந்தி நின்றபடியே டீ குடிப்பாள். "உக்காருங்க திதி, பெஞ்சு ஒண்ணும் கடிக்காது" என்பாள் பூர்ணிமா. அக்கா என்று அழைத்தாலும் அவள் மதுவந்தியைவிட வயதில் மூத்தவள்.

சித்திரை முடிவதற்குள் இரண்டு முனையிலும் வேலை நன்றாக முன்னேறிவிட்டது. நடுவில் ஒரு துண்டு மட்டும் பாக்கி. கிரிக்கெட் மைதானத்தின் குறுக்களவு இருக்கும். அங்கேதான் குப்பை மேடு கால்வாயை மிக நெருங்கி, செங்குத்தாக நின்றது. மேட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு லாரி போகிற அளவுக்கு மண் பாதை. அந்தத் துண்டைத் தோண்டி முடித்தால் கால்வாய் கால்வாயாகிவிடும்.

ஒரு சாயங்காலம், கோடையில் இடியோடு திடீரென்று வரும் கால்பைசாகிப் புயல் அடித்து ஓய்ந்தது. மறுநாள் காலையில் மதுவந்தி அந்த மண் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது விரிசலைப் பார்த்தாள். பாதையின் நீளவாக்கில், கால்வாய்க்கு இணையாக, வளைந்து வளைந்து போயிற்று. சுண்டுவிரல் நுழையும். அவள் குனிந்து விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

வெயிலில் காய்ந்த மண் வெடிப்பதும் உண்டு. லாரி போய்ப் போய் விளிம்பு பிளப்பதும் உண்டு. ஆனால் மேட்டின் அடிவாரத்தை வெட்ட வெட்ட, மேலே இருக்கிற கனம் தாங்காமல் மொத்தமாக நழுவத் தொடங்கும்போதும் முதலில் இப்படித்தான் ஒரு கோடு விழும். எது என்று விரிசலைப் பார்த்துச் சொல்லமுடியாது. அவள் விரிசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஜோடி ஜோடியாக முளைக்குச்சிகள் அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்துவைத்தாள்.

ப்ராஜெக்ட் மேனேஜர் குருபிரசாத் மத்தியானம் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கோபம் வந்தாலும் மரியாதை குறையாதவர். சைட்டில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அதனால் ஊரறியச் சண்டை போட்டாலும் யாருக்கும் புரியாது.

"விரிசல் எல்லாக் கரையிலயும் விடுமுங்க. இதுக்கெல்லாம் பயந்தா வேலை ஆகுங்களா?"

"சார், மேல பாருங்க. எத்தனை பேர் பொறுக்கிட்டு இருக்காங்க. சரிஞ்சா அவ்ளோ பேரும் கால்வாய்க்குள்ள. நம்ம மெஷினும்."

"சரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

குருபிரசாத் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்று பஸ்தியைக் காட்டினார். "இன்னும் கொஞ்ச நாள்ல மழை. நடுத்துண்டு அடைச்சிருந்தா, வடக்க நாம தோண்டுன பள்ளத்துல தண்ணி நெறஞ்சு நேரா அவங்க வீட்டுக்குள்ளதான் போகும். போன வருசத்தை விட மோசமாயிரும். அதுக்கு யாருங்க பதில் சொல்றது?"

அது உண்மை.

இன்ஜினீயரிங் காலேஜ் ஒன்றிலிருந்து மண்ணியல் பேராசிரியர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு விரிசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். துளை போட்டு மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் எதையும் சொல்லலாம், அதற்குள் மழைக்காலம் பாதி போய்விடும் என்றார். நிறுத்தவும் சொல்லவில்லை, தொடரவும் சொல்லவில்லை. போகும்போது மேட்டை அண்ணாந்து பார்த்து, "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மதுவந்தி காலையும் மாலையும் குச்சிகளை அளந்தாள். ஒரு நாள் இடைவெளி கூடியிருக்கும். மறுநாள் அப்படியே இருக்கும். அதற்கடுத்த நாள் பாதிக் குச்சிகளைக் காணோம். யாரோ அடுப்பெரிக்கப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சத்தில் ஆடுகள் உரசிச் சாய்த்திருந்தன. இரும்புக் கம்பியாக அடித்தாள். அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. கடைசியில் சுண்ணாம்பால் கோடு போட்டுவைத்தாள். அன்றைக்கே ஒரு தூறல் வந்து கழுவிவிட்டது. விரிசல் வளர்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. பல் தேய்க்கும்போது, கரியாஹாட் சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தியிருக்கும்போது, அந்த வளைந்த கோடு கண்ணுக்குள் வந்து நின்றது.

வீட்டில் அப்பா ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்துவைத்திருந்தார். மகளைத் தனியே விட்டுப் போக அம்மாவுக்கு மனசில்லை.

"ஏண்டி இப்படி அலைஞ்சிண்டே இருக்கே? கால்ல சக்கரம் கட்டின மாதிரி" என்றாள் ஷியாமளா. தட்டில் மோர்சாதம் பாதி அப்படியே இருந்தது.

"ஒரு முடிவு எடுக்கணும்மா. எடுத்தா ஒரு பக்கம் அடி. எடுக்காட்டா இன்னொரு பக்கம்."

"மேல இருக்கறவாளைக் கேக்கறது."

"கேட்டாச்சு. அவங்க என்னைப் பாக்கறாங்க."

பார்த்தசாரதி பேப்பரை மடித்தார். "மழை வந்தா வீட்டுக்குள்ள தண்ணி வரும். மேடு சரிஞ்சா உயிர் போகும். ரெண்டும் ஒண்ணாம்மா?"

"அப்படிச் சுலபமாச் சொல்லிடலாம்ப்பா. தண்ணி நிச்சயமா வரும். மேடு சரியறது நிச்சயமில்லையே."

அவர் பேப்பரை மறுபடி விரித்தார்.

மறுநாள் காலை வடக்குப் பொக்லைன் நடுத்துண்டின் விளிம்பில் வாளியை இறக்கியது. இயந்திரம் ஓட்டுகிறவர் முகமது ரபீக். ராமநாதபுரத்துத் தாத்தா கிடர்பூருக்குக் கப்பல் வேலைக்கு வந்து தங்கிப்போன குடும்பம், தமிழ் அடியோடு மறந்துபோனது. வாளி அடிவாரத்துக் குப்பையை அள்ளி மேலே வந்தது. அந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. மேலேயிருந்து ஒரு கூடை அளவு குப்பை உருண்டு விழுந்தது. அவ்வளவுதான். தினமும் விழுவதுதான். மதுவந்தி கையை உயர்த்தினாள்.

"பந்த் கரோ, நிறுத்துங்க. மெஷினை வெளியே எடுங்க அண்ணா."

"எவ்வளவு தூரம்?"

"பைபாஸ் வரைக்கும்."

ரபீக் அவளை ஒரு தரம் பார்த்தார், மேட்டை ஒரு தரம் பார்த்தார், கேள்வி கேட்காமல் வண்டியைத் திருப்பினார். சைட்டின் பாதுகாப்புக்குக் கையெழுத்துப் போட்டிருப்பவள் அவள். நிறுத்தச் சொல்ல அவளுக்கு அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்தியவர்கள் அதிகம் கிடையாது.

அன்றைக்கே மேட்டின் அந்தச் சரிவில் யாரும் ஏறக்கூடாது என்று மூங்கில் தடுப்புக் கட்டி ஆள் போட்டாள். நல்ல சாமான் கிடைக்கிற சரிவு அதுதான். நிதாயின் பிழைப்பு அதோடு நின்றது. குருபிரசாத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார், அவள் முன்னாலேயே. "என்னால அந்தப் பொண்ணைத் தப்புன்னு சொல்ல முடியலைங்க, சரின்னும் சொல்ல முடியலைங்க" என்று அவர் தமிழில் சொன்னது அவள் காதில் விழுந்தது. அடிவாரத்தில் கல் அடுக்கி முட்டுக் கொடுத்த பிறகே நடுத்துண்டைத் தோண்டுவது என்று முடிவாயிற்று. கல் வேலை மழைக்கு அப்புறம்தான் நடக்கும்.

பூர்ணிமா டீ கொடுப்பதை நிறுத்திவிட்டாள். மதுவந்தி கடை முன்னால் போய் நின்றபோது கிளாஸைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"பூர்ணிமா, கோபமா?"

"கோபப்பட நாங்க யாரு திதி? நீங்க வந்து தோண்டினீங்க. பாதியில நிறுத்துனீங்க. தோண்டாமலே இருந்திருக்கலாம். பழைய கால்வாய்ல கொஞ்சம் தண்ணியாவது உறிஞ்சிட்டுப் போச்சு."

"மேடு நிதாய் தலை மேல விழுந்தா?"

"விழுந்துச்சா?"

மதுவந்தி திரும்பி நடந்தாள். அன்று முதல் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு சைட்டுக்குப் போனாள். வேலை எதுவும் நடக்காத சைட்டில் வடக்கும் தெற்குமாக நடந்தாள். மேடு அசையவில்லை. விரிசல் அப்படியே கிடந்தது. அது சரிந்துவிட்டால் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஆடி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. வடக்கே தோண்டிவைத்த பள்ளம் நிறைந்து, கரை மீறிப் பஸ்திக்குள் புகுந்தது. மதுவந்தி போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. கறுப்புத் தண்ணீர், கால்வாயின் அடியிலிருந்து கிளம்பிய எண்ணெய்ப் படலத்தோடு. பூர்ணிமா வீட்டில் கட்டிலின்மேல் கட்டிலை ஏற்றி, அதன்மேல் அடுப்பை வைத்திருந்தார்கள். பிரித்துக் கட்டிய பிளாஸ்டிக் மூட்டைகள் அவிழ்ந்து அறை முழுக்க மிதந்தன. பக்கத்து வீட்டுக் கிழவரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவளைக் கண்டதும் யாரோ வசை சொன்னார்கள். அவள் கேட்காத மாதிரி இருக்கவில்லை. நின்று கேட்டாள்.

மூன்றாம் நாள் மழை கொஞ்சம் தணிந்த காலையில் பஸ்தி ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக நடுத்துண்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆணும் பெண்ணுமாக ஐம்பது அறுபது பேர். முன்னால் நிதாய். தடுப்பு மூங்கிலைப் பிடுங்கி எறிந்தார்கள். தாங்களே வெட்டித் திறந்துகொள்வதாக முடிவு. மதுவந்தி நனைந்த சல்வாரோடு ஓடிப்போய் அவர்களுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"அங்க வெட்டாதீங்க! அடிவாரத்துல வெட்டினா மொத்தமும் வரும்!"

"நகருங்க திதி" என்றான் நிதாய். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "எங்க வீட்டுல பாம்பு வந்துடுச்சு. உங்க வீட்டுல வந்துதா?"

"நிதாய், நான் சொல்றதைக் கேளு..."

"கேட்டுக் கேட்டுத்தான் தொடை வரைக்கும் நிக்கறோம்!" என்று பின்னாலிருந்து பூர்ணிமா கத்தினாள். "வெட்டாதேன்னு சொல்றீங்களே, எங்க வெட்டணும்னு சொல்லுங்க! இன்ஜினீயர்தானே நீங்க?"

மதுவந்தி திரும்பி நடுத்துண்டைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் அதை இரண்டு விதமாகத்தான் பார்த்திருந்தாள். முழு அகலத்துக்கு, முழு ஆழத்துக்குத் தோண்டுவது. இல்லையென்றால் நிறுத்துவது. வரைபடத்தில் வேறு எதுவும் இல்லை. மேட்டை ஒட்டாமல், பஸ்திப் பக்கத்துக் கரையோரமாக, இடுப்பளவு ஆழத்துக்கு ஒடுக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் அடிவாரத்துக்கும் அதற்கும் நடுவே போதிய மண் மிஞ்சும். தண்ணீர் வேகமாகப் போகாது. மெள்ளவாவது போகும். மழைக்கு முன்னாலேயே, வெயிலில், நிதானமாகச் செய்திருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. விரிசலை அளந்துகொண்டிருந்தாள்.

"இங்கே" என்று மேற்குக் கரையோரத்தைக் காட்டி, காலால் சேற்றில் ஒரு கோடு இழுத்தாள். "இந்தக் கோட்டை விட்டு ஒரு அடி கூட அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒடுக்கமா வெட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் வாய்க்காலோட வடக்கு வாயை வெட்டித் திறக்கக்கூடாது. தெற்கிலிருந்து ஆரம்பிங்க."

"மேடு வந்தா?"

"நான் அங்க விரிசல்கிட்ட நிக்கறேன். அசைஞ்சா விசில் அடிப்பேன். எல்லாத்தையும் போட்டுட்டு வீட்டைப் பாத்து ஓடணும். சாமான் எடுக்கறேன்னு ஒருத்தரும் நிக்கக்கூடாது."

ரபீக்குக்குப் போன் போட்டாள். பைபாஸ் ஓரத்திலிருந்து ஒரு லாரி நிறைய மணல் மூட்டை வந்தது. குருபிரசாத்தும் வந்தார். காலணியைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். "இதுக்கு அனுமதி யாருங்க குடுத்தா?" என்றார்.

"யாரும் குடுக்கலை சார்."

அவர் வாய்க்கால் ஓரமாக நடந்து வந்தார். வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "மணல் மூட்டையை மேட்டுப் பக்கமா ரெண்டு வரிசை போடச் சொல்லுங்க. தண்ணி அரிச்சுட்டு அந்தப் பக்கம் போயிரக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

மதுவந்தி விரிசலோரம் விசிலை வாயில் கவ்வியபடி நடந்தாள். போவதும் வருவதுமாக நடந்தாள். தலைக்கு மேலே அழுகிய மலை மழையில் ஊறி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பருந்துகள் வட்டமிட்டன. எங்கோ ஒரு டயர் உருண்டு விழுந்த சத்தத்துக்கு அவள் விசிலை ஊதியேவிட்டாள். கீழே எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சேற்றில் விழுந்தடித்து ஓடினார்கள். டயர் உருண்டு வந்து பாதையில் படுத்தது. வேறொன்றும் வரவில்லை. திட்டிக்கொண்டே திரும்பி வந்தார்கள். இன்னொரு முறை ஊதினாள், அதுவும் பொய்த்தது. மூன்றாவது முறை ஊதினால் இவர்கள் ஓடுவார்களா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்தார்கள். வடக்கு வாயில் கடைசிக் கூடை மண்ணை எடுத்தபோது தண்ணீர் முதலில் யோசிக்கிற மாதிரி தயங்கியது. பிறகு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கியது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. களைத்துப்போயிருந்தார்கள். நிதாய் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனான்.

பஸ்தியில் தண்ணீர் வடிய நாட்கள் பிடித்தன. மறுபடி பெய்தபோது ஏறியது, ஆனால் தொடைக்கு வரவில்லை. மூட்டை மூட்டையாகப் பிரித்துவைத்த பிளாஸ்டிக் போனது போனதுதான். நாற்காலியில் தூக்கிச் சென்ற கிழவர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுச்சளி முற்றி இறந்துபோனார். அவருக்கு முன்னாலேயே இருமல் இருந்தது, மழை இல்லாவிட்டாலும் போயிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். மதுவந்தி சாவு வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிழவரின் மருமகள் மட்டும் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

மேடு சரியவே இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே நின்றது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. அலிப்பூரில் ஒரு அலுவலக அறையில் அவளைக் கேட்டார்கள். எதனால் நிறுத்தினீர்கள் என்று ஒருவர். அனுமதியில்லாமல் எதனால் வெட்டினீர்கள் என்று இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்திருப்பது அவர்களுக்குக் குழப்பமாக இருந்தது. குருபிரசாத் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டும்போது தானும் அங்கே இருந்ததைத் தானாகவே சொன்னார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

குளிர்காலத்தில் கல் வந்தது. கம்பி வலைக் கூடைகளில் கல்லை நிரப்பி, அடிவாரம் நெடுக அடுக்கடுக்காக முட்டுக் கொடுத்தார்கள். துளை போட்டுச் சோதித்ததில் மேட்டுக்கடியில் ஒரு இளகிய களிமண் படலம் இருப்பது தெரிந்தது. ஆபத்தானதுதான், ஆனால் சரிந்தே தீரும் என்று சொல்கிற அளவுக்கு இல்லை. பேராசிரியர் இந்த முறையும் இரண்டு பக்கமும் பேசினார். பிறகு நடுத்துண்டை முழு அகலத்துக்குத் தோண்டினார்கள். ரபீக்தான் கடைசி வாளியை எடுத்தார். வடக்கும் தெற்கும் சேர்ந்தன. அடுத்த ஆடியில் பஸ்திக்குள் கணுக்கால் அளவு வந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் வடிந்துபோயிற்று.

அதற்குள் பார்த்தசாரதியும் ஷியாமளாவும் ஸ்ரீரங்கம் போய்விட்டார்கள். ஹௌராவில் ரயில் கிளம்புகிற வரைக்கும் அம்மா ஜன்னல் வழியாகப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். வேளைக்குச் சாப்பிடு, கதவைத் தாழ் போடு, அந்தக் குப்பைக்காட்டில் மாஸ்க் இல்லாமல் நிற்காதே. மதுவந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கம்பெனி அவளைச் சென்னைக்குக் கூப்பிட்டது, போகவில்லை. பெரிய கால்வாய்க்கு அந்தப் பக்கம், தெற்கே, இன்னொரு அடைபட்ட கால்வாய்த் துண்டு இருந்தது. அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். திட்டம் போடும்போதே முதலில் கரையோர வாய்க்கால், அப்புறம் முட்டு, கடைசியில்தான் பொக்லைன் என்று எழுதச் சொன்னாள். குருபிரசாத் சிரித்துக்கொண்டே, "எழுதிட்டாப் போச்சுங்க" என்றார்.

பூர்ணிமா மறுபடி டீ கொடுக்கத் தொடங்கியது எப்போது என்று மதுவந்திக்கு நினைவில்லை. சமாதானம் என்று யாரும் பேசிச் செய்யவில்லை. ஒரு நாள் போனபோது கிளாஸை நீட்டினாள், அவ்வளவுதான். இப்போது கடைக்கு முன்னால் தண்ணீர் ஓடுகிறது. சுத்தமான தண்ணீர் என்று சொல்லமுடியாது. ஆனால் ஓடுகிறது. எதிர்க்கரையில் கல் முட்டுக்கு மேலே நிதாயும் மற்றவர்களும் சாக்கோடு ஏறி இறங்குகிறார்கள்.

"திதி, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் பூர்ணிமா ஒரு சாயங்காலம். "நீங்க நிறுத்தாம இருந்திருந்தா நிஜமா அது விழுந்திருக்குமா?"

மதுவந்தி மேட்டைப் பார்த்தாள். லாரி ஒன்று உச்சியில் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியாது பூர்ணிமா."

"இன்னுமா தெரியலை?"

"இனிமேலும் தெரியாது."

பூர்ணிமா குனிந்து அடுப்பை ஊதினாள். "அந்தக் கிழவர் பேத்திக்கு அடுத்த மாசம் கல்யாணம். உங்களைக் கூப்பிடலாமான்னு அவங்க கேட்டாங்க. கூப்பிடுங்கன்னு சொல்லிட்டேன். வருவீங்கல்ல?"

"வரேன்" என்றாள் மதுவந்தி. கிளாஸை வைத்துவிட்டு ஸ்கூட்டிச் சாவியைத் தேடினாள். தெற்குத் துண்டில் இன்றைக்கு வாய்க்கால் வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் ஒரு தரம் கரையைப் பார்த்துவிட வேண்டும்.